காலி நாற்காலியின் தட்டு

முன்னாள் ராணுவ வீரர்களுக்கு நிதி திரட்ட வருஷம் ஒருமுறை நடக்கும் மதிய விருந்தில் பாத்திரம் கழுவுவது கரண்டியக்காதான். எடுத்ததற்கெல்லாம் கரண்டியை ஓங்குவதால் வந்த பெயர். இந்த வேலைக்கு மட்டும் கூலி வாங்கமாட்டாள். அவள் தம்பியும் பட்டாளத்துக்காரன். எல்லையில் காணாமல் போனவன், உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அந்த விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்துப்போன வீரர்களுக்காக மூலையில் ஒரு காலி நாற்காலி போட்டு, எதிரே தட்டு நிறையச் சாப்பாடு வைப்பார்கள். யாரும் தொடமாட்டார்கள். "உன் தம்பிக்கும் சேர்த்துத்தான்கா" என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் தொலைந்தார்கள்.

"அது செத்தவங்களுக்கு! என் தம்பி வீட்டுக்கு வந்து என் கையால சாப்பிடுவான்" என்று எரிந்து விழுவாள்.

இந்த வருஷம் பந்தி முடிந்து அந்தத் தட்டை எடுக்கப் போனால், தட்டு காலி.

"எவன்டா இதுல கை வெச்சது? வயிறா அது, அண்டாவா?" என்று கரண்டியை ஓங்கினாள்.

பரிமாறியவர்கள், அந்தப் பக்கம் ஒருத்தரும் போகவில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

முணுமுணுத்துக்கொண்டே தட்டைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். குழம்பில் கிடந்த மிளகாயை எல்லாம் பொறுக்கி, தட்டின் விளிம்பில் அணிவகுப்பு மாதிரி, காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கியிருந்தது. அந்தப் பழக்கத்துக்காகச் சின்ன வயசில் தம்பி அவளிடம் வாங்காத அடியில்லை.

காலி நாற்காலியைப் பார்த்தாள். ஓங்கிய கரண்டி தானாக இறங்கியது.

"இங்கயே சாப்பிட்டுட்டியாடா?" என்றாள். "அப்ப இனிமே வீட்டுக்கு வரமாட்டே."