எட்டு மாத விதி

எனக்கு அப்போது பச்சை நிறத்தின் மேல் ஒரு கிறுக்கு இருந்தது. ஜாவாவில் நிரல் எழுதி, அதைச் சோதிக்கும் குட்டி நிரல்களையும் எழுதி ஓட்டினால், எல்லாம் சரியாக இருக்கும்போது திரையில் ஒரு பச்சைப் பட்டை நீளும். ஒன்றே ஒன்று தவறினாலும் பட்டை சிவப்பாகிவிடும். யூனிட் டெஸ்ட் என்று அதற்குப் பெயர். திண்டுக்கல்லில் பழனி சாலையில், மருந்துக்கடை மாடியில், நாலு பேர் வேலை பார்த்த எங்கள் அலுவலகத்தில் அதை எழுதியவள் நான் ஒருத்திதான். மற்ற மூவரும் "அதான் ஓடுதுல்ல, பெறகு என்னத்துக்கு டெஸ்டு?" என்று கேட்கிற ஆட்கள். அவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். அதை மறைக்கவும் மாட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். ஊரில் இருந்த ஒரு பெண்கள் கல்லூரி, விடுதி விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை எங்களிடம் கொடுத்தது. ஒரே வீட்டிலிருந்து அக்கா தங்கை இருவரும் சேர்ந்தால் விடுதியில் இருவருக்கும் இடம் உறுதி என்று அங்கே ஒரு வழக்கம். முந்தின வருடம் யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தங்கை என்று சொல்லிச் சேர்த்துவிட்டார்களாம். அதனால் பிறந்த தேதிகளை ஒப்பிட்டுப் பொய்யைப் பிடிக்க வேண்டும் என்றார்கள்.

எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. உடன்பிறந்த இருவரின் பிறந்த தேதிகளுக்கு நடுவில் ஒன்பது மாதமாவது இருக்க வேண்டும். குறைப்பிரசவத்துக்காக ஒரு மாதம் விட்டுக்கொடுத்து எட்டு என்று வைத்தேன். இரட்டையர் என்றால் ஒரே தேதி. ஒருத்தி நள்ளிரவுக்கு முன்னும் மற்றவள் பின்னும் பிறந்திருந்தால்? அதற்கும் ஒரு டெஸ்ட் எழுதினேன். பிப்ரவரி இருபத்தொன்பதுக்கு ஒன்று. மொத்தம் இருபத்து மூன்று டெஸ்ட். எல்லாம் பச்சை. அன்று மாலை எனக்கு நானே ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

விண்ணப்பம் ஏற்றும் கடைசி நாளன்று காலையில் கல்லூரிக்குப் போய், அலுவலக எழுத்தர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வரிசையில் ஒருவர் வந்தார். அய்யலூரிலிருந்து உள்ளே தள்ளி ஏதோ ஒரு கிராமம். வெள்ளாமைக்காரர். பின்னால் இரண்டு பெண்கள், ஒரே துணியில் தைத்த பாவாடை தாவணி. எழுத்தர் தேதிகளை அடித்ததும் திரையில் நான் எழுதிய வரி சிவப்பில் வந்தது: உடன்பிறந்தவர் விவரம் தவறு.

எழுத்தர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மூத்தவளுக்கு ஜனவரி, இளையவளுக்கு அதே வருடம் மே.

"ஏம்ப்பா, நாலு மாசத்துல ரெண்டு பிள்ளையா? ஒம் பொண்டாட்டி பெரிய ஆளுதான்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "பெரியவ ஒத்தையில பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு அழுதா, சார். அதான் சின்னவளயும் கூட்டிட்டுப் போயி ஒரே நாள்ல சேத்துவிட்டேன். சின்னவளுக்கு வயசு காணலன்னு வாத்தியாரு அவரா ஒரு தேதி போட்டாரு. ரெண்டும் எம் பிள்ளைகதான் சார். விடுதி கெடைக்கலன்னா எங்கூர்லருந்து அனுப்ப வழியில்ல. ரெண்டு பேரும் வீட்டோடதான்."

எழுத்தர் என்னைப் பார்த்தார். அவருக்கு மனசு இளகியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். நான்தான் விறைப்பாகச் சொன்னேன்: "கம்ப்யூட்டர்ல தப்பு வராது, சார். எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு. குடுத்த விவரந்தான் தப்பு." விண்ணப்பம் சந்தேகக் கட்டுக்குப் போனது. நாலு மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள்.

மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். இந்தக் கதையை அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா தட்டில் வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்த கரண்டியோடு நின்றுவிட்டார்.

"ஏண்டி, அதுல என்ன அம்புட்டு சிரிப்பு? ஒனக்கும் ஒங்கண்ணனுக்கும் என்ன கணக்கு?"

"ரெண்டு வருசம்."

"அது நான் பெத்த கணக்கு. சர்டிபிகேட்டுல என்ன இருக்குன்னு போயிப் பாரு."

பீரோவிலிருந்து இரண்டு சான்றிதழ்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அண்ணனுக்கு மே. எனக்கு அதே வருடம் நவம்பர். ஆறே மாதம். என் தேதியை நூறு விண்ணப்பத்திலாவது எழுதியிருப்பேன். ஒருமுறைகூட அண்ணனுடையதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

அம்மா சொன்னார். அண்ணனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த மறு வருடம், நாலு வயதில் என்னையும் கூட்டிப் போயிருக்கிறார்கள். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டால் ஐந்து வயது நிறைந்ததாகக் கணக்கு. நான் நெட்டைப் பிள்ளை, பட்டென்று தொட்டுவிட்டேன். இது ஐந்தரை இருக்கும் என்று வாத்தியார் பின்னோக்கி எண்ணி ஒரு நவம்பரைப் போட்டுவிட்டார். அதுவும் ஒரு சரிபார்ப்பு விதிதான். அந்தத் தேதியை வைத்துக்கொண்டுதான் நான் படித்தேன், வேலைக்கு வந்தேன், இன்னொருத்தரைப் பொய்யர் என்றும் சொன்னேன்.

தட்டை மூடி வைத்தேன். "வாரேம்மா" என்று அப்படியே கிளம்பிவிட்டேன்.

அலுவலகத்தில் இருபத்து நான்காவது டெஸ்டை எழுதினேன். மே, நவம்பர், ஒரே அப்பா, ஒரே அம்மா, ஏற்றுக்கொள்ள வேண்டும். ஓட்டினேன். சிவப்பு. நானும் என் அண்ணனும் உடன்பிறந்தவர்கள் இல்லை என்று நான் எழுதிய நிரலே சொன்னது. இரவு பன்னிரண்டு மணிக்கு இருபுறமும் பிறக்கும் இரட்டையரை யோசித்த எனக்கு என் வீட்டை யோசிக்கத் தெரியவில்லை. இருபத்து மூன்று டெஸ்டிலும் நானே கற்பனை செய்த பிள்ளைகள், நானே கொடுத்த தேதிகள். எங்கள் பக்கத்தில் பிறந்த தேதி என்பது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கதை என்று எனக்குத் தெரியாதா என்ன?

விதியை மாற்றினேன். எட்டு மாதத்துக்குக் குறைந்தால் தள்ளிவிடாதே, ரேஷன் அட்டையைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லட்டும். பட்டை பச்சையானது. இந்த முறை ஜிகர்தண்டா நினைப்பு வரவில்லை. குறுந்தகட்டில் ஏற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். மூன்றரை.

அந்த அப்பாவும் இரண்டு பெண்களும் இன்னும் போகவில்லை. சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவளுக்குக் கண் வீங்கியிருந்தது. நான் புது நிரலை ஏற்றியதும் எழுத்தர் சந்தேகக் கட்டிலிருந்து அவர்கள் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து மறுபடி அடித்தார். பெண்களின் அப்பா இடுப்பில் மடித்து வைத்திருந்த ரேஷன் அட்டையைப் பிரித்துக் காட்டினார். அதில் நாலு பெயரும் வரிசையாக இருந்தன. நாலு மணிக்கு மூடிய பட்டியலில் இருவருக்கும் இடம் இருந்தது.

அட்டையைத் திரும்ப மடித்துக்கொண்டே அவர் என்னிடம் வந்தார். காலையில் பேசினவள் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது, ஆனாலும் முகத்தில் கோபம் இல்லை.

"ரெண்டும் எம் பிள்ளைதான்னு கம்ப்யூட்டரு ஒத்துக்கிருச்சாம்மா?"

ஒத்துக்கொள்ளாதது கம்ப்யூட்டர் இல்லை, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒத்துக்கிருச்சுங்கய்யா" என்றேன்.