பாரிசிலிருந்து லண்டன் ஒன்றேகால் மணித்தியாலம்

விமானச்சீட்டு விற்கிறவரிடம் யாரும் நேரம் கேட்பதில்லை. தாங்களே ஒரு நேரத்தை முடிவுசெய்துகொண்டு வந்து, அதற்கு எங்களைத் தலையாட்டச் சொல்கிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் இருந்து குமைந்தவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், படித்தது புவியியல். மொன்றியலில் ஒரு தமிழ்ப் பயணமுகவர் கடையில் பதினொரு மாதம் இருந்தேன். அந்த வேலை ஒரு ஒன்றேகால் மணித்தியாலத்தால் போனது.

தாலிகட்டும் சாமத்தியவீடும்

லாசால் பகுதி அக்கா ஒருவர் காலையில் பாரிசில் ஒரு தாலிகட்டுக்கும், அன்று பின்னேரமே சூரிச்சில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கும், அதாவது பூப்புநீராட்டு விழாவுக்கும், போகவேண்டும். விமானம் ஒன்றேகால் மணித்தியாலம்தான். மண்டபத்திலிருந்து விமான நிலையம், இரண்டு மணித்தியாலம் முன்னதாகப் போய் நிற்பது, பெட்டி எடுப்பது, அங்கிருந்து ரயில் எல்லாவற்றையும் மூன்று தரம் கூட்டிப் பார்த்து, ஆறரை மணித்தியாலம் என்றேன். நான் கணக்குப் போட்ட கடுதாசியை அவர் என் பக்கமே தள்ளினார்.

“பிள்ளை, நான் பிளேனைத்தான் கேட்டனான். மிச்சத்தை ஏன் நீர் கூட்டுறீர்?”

எதிர்க்காற்று

அக்கா வேறு கடைக்குப் போய்விட்டார். இனிக் கேட்டதற்கு மட்டும் பதில், இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார் முதலாளி. அடுத்த கிழமை பியர்பொன்ட்ஸ் புறநகரிலிருந்து ஒரு சென்னைக்காரர் வந்தார். அவர் டிக்கெட்டின்படி பாரிசில் பத்து மணிக்கு ஏறி லண்டனில் பத்தேகாலுக்கு இறங்குகிறார். திரும்பும்போது பத்துக்கு ஏறினால் பன்னிரண்டேகால் ஆகிறது. ஏன் மெதுவான விமானத்தைத் தலையில் கட்டினாய் என்று சண்டை. லண்டன் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்கு என்று படம் கீறிக் காட்டினேன். “முப்பது வருஷமா இன்ஜினியர்மா நான்!” என்று கத்தினார்.

முதலாளி ஓடிவந்தார். “வரேக்க எதிர்க்காத்து, சார். இவ சின்னப்பிள்ளை, தெரியாது.” கோபத்தில் எனக்குக் காது சுட்டது. சென்னைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

“இதை அந்தப் பொண்ணு முதல்லயே சொல்லியிருக்கலாமே!”

தமையனைப் பார்க்க

டவுன்டவுன் உணவகமொன்றில் சமைக்கிற ஒரு ஐயா வந்தார். பாரிசில் தங்கச்சி மகனின் கல்யாணத்துக்குப் போக பிரான்ஸ் விசா கிடைத்திருந்தது. லண்டனில் அவருடைய தமையன் ஆஸ்பத்திரியில், வருத்தம் கடுமை. “பாரிசில இருந்து ஒண்டேகால் மணித்தியாலம்தானே அண்ணை, எட்டிப் பாத்திட்டு வாங்கோ,” என்றார் முதலாளி. ஐயா நீட்டியது அகதிகளுக்கான பயணப் பத்திரம். அதில் லண்டன் போக வேறு விசா வேண்டும். இல்லாவிட்டால் பாரிசிலேயே விமானத்தில் ஏற்றமாட்டார்கள். முதலாளிக்கும் இது தெரியும். “டிக்கெட்டைப் போடும். விசா அவரின்ர பாடு,” என்று என் காதுக்குள் சொன்னார்.

நான் எழுந்து, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: முதலில் விசா எடுங்கோ ஐயா, அது வர எத்தனை கிழமையோ தெரியாது. “நீர் நாளைக்கு வரவேண்டாம்,” என்றார் முதலாளி. பையை எடுத்துக்கொண்டு வந்தால், மெட்ரோ வாசலில் ஐயா நின்றார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

“அவர் சொன்னது பொய்தான், பிள்ளை. ஆனா அதில என்ர அண்ணன் கிட்டவா இருந்தவர்.”

பாரிசுக்கும் லண்டனுக்கும் எவ்வளவு நேரம் என்று இனி யாராவது கேட்டால், “யாருக்கு?” என்று திருப்பிக் கேட்கும் அளவுக்கு என் புவியியல் முன்னேறியிருக்கிறது.