ராசப்பனின் கை

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறவர்களை எண்ணி மாளாது. ஆனால் ரிக்குக்கு ஓனராகி, மாடி வீடும் கட்டி, அதற்கேற்ற தொப்பையும் போட்ட பிறகும் தன்னை டிரைவர் என்றே சொல்லிக்கொள்கிறவர் ராசப்பன் ஒருத்தர்தான். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் ‘உரிமையாளர்’ என்று அச்சடித்துக் கொடுத்தால் முகம் சுளிப்பார். “டிரைவருன்னு போடுங்க. ஓனரு ஆவறதுக்குக் கடன் குடுக்கறவன் இருந்தாப் போதும். டிரைவரு ஆவறதுக்குக் கை வேணுமுங்க” என்பார்.

அவர் சொல்வதில் பாதி நியாயம் இருந்தது. பத்தாவது தேறாமல் கிளீனராக ஏறியவர். ராஜஸ்தான் மணலிலும் மத்தியப் பிரதேசத்துச் சேற்றிலும் கம்பிரசர் லாரியைப் புதைய விடாமல் கொண்டுவந்து சேர்த்தவர். முதலாளி சொன்ன ஊருக்குப் போனார், ஏஜெண்டு காட்டிய இடத்தில் நின்றார், மேனேஜர் எழுப்பியபோது எழுந்தார். இப்படி ஊரார் சொல்லையெல்லாம் கேட்டு நடந்த வாழ்க்கையில், யார் சொல்லையும் கேட்காமல் அவர் செய்த ஒரே காரியம் வண்டி ஓட்டியதுதான். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு மேலே ஆள் கிடையாது. அதனால்தான் அந்தப் பெருமையை அவர் கீழே வைக்கவே இல்லை.

ஐம்பது வயதில் ஒரு கார் வாங்கினார். சிவப்பு நிறம், தாழ்ந்த உடம்பு, காலை வைத்தால் முதுகைச் சீட்டோடு அப்பும் இன்ஜின். மனைவி சுகன்யா புடவையோடு அதில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பட்ட பாட்டைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். ராசப்பன் கண்டுகொள்ளவில்லை. ஷோரூமில் வண்டியை ஒப்படைத்த பையன் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வந்து கடைசியில் சொன்னான்: “ரோட்டுல வழுக்குனா பயமே வேண்டாமுங்க சார். எந்தச் சக்கரம் சறுக்குதுன்னு வண்டிக்கே தெரியும். அதுவே தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் புடிச்சு, இன்ஜின் வேகத்தையும் கொறச்சு, நேராக்கிக்கும்.”

ராசப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நான் எதுக்குங்க தம்பி?” என்று கேட்டார்.

 பையன் அதை நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருப்பதைக் காட்டினான். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால், மீட்டரில் ஒரு குட்டிக் காரும் அதன் பின்னால் வளைந்த கோடுகளுமாக மஞ்சள் விளக்கு எரியும். பிறகு வண்டி உங்கள் பொறுப்பு. அன்றிலிருந்து ராசப்பன் சாவியைப் போட்டதும் செய்கிற முதல் வேலை அந்தப் பொத்தானை அழுத்துவதுதான். சாமி கும்பிடுவதுகூட அதற்குப் பிறகுதான்.

அவரைக் கிறுக்கு என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஊருக்கு வெளியே தண்ணீர் வற்றிய ஏரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்த வண்டியைச் சுற்றியதைப் பார்த்திருந்தால் நீங்களும் வாயைப் பிளந்திருப்பீர்கள். வண்டியின் பின்பக்கம் விலகும், அவர் லேசாக ஸ்டியரிங்கைக் காட்டுவார், புழுதியைக் கிளப்பிக்கொண்டு அது அவர் நினைத்த கோட்டில் வந்து நிற்கும். இறங்கும்போது அவர் முகத்தில் இருபது வயது குறைந்திருக்கும். அந்தச் சுகம் பொய்யில்லை. பொய் பிறகுதான் வந்து சேர்ந்தது.

ஏரிக்கரையில் நின்று கைதட்டுகிறவன் மதன். ராசப்பனின் அக்கா ஆராயியின் ஒரே பையன். நாமக்கல்லில் பேங்கு வேலை. மாமாவைப் பார்த்து அவனும் ஒரு துள்ளல் காரை வாங்கியிருந்தான். சித்திரையில் குலதெய்வக் கோயில் கெடா விருந்தில், இலையில் கறி ஆறிக்கொண்டிருக்க, ராசப்பன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “அந்தப் பொத்தான அமத்தாம ஓட்டறவன் டிரைவரே இல்லீங்க. முன் சீட்டுல உக்காந்த பாசஞ்சரு.” பந்தியே சிரித்தது. மதனும் சிரித்தான். அவன் சிரிப்பு மட்டும் கொஞ்சம் சீக்கிரமே நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ராசிபுரத்தில் ஒரு காதுகுத்துக்கு ராசப்பன் வண்டியை எடுத்தார். பக்கத்தில் சுகன்யா, பின் சீட்டில் அக்கா ஆராயி, சுகன்யா ‘நங்கையா’ என்று கூப்பிடும் நாத்தனார். வையப்பமலையில் போன் வந்தது. ஏசி ஓடட்டும் என்று இன்ஜினை நிறுத்தாமல் இறங்கிப் பேசிவிட்டு வந்து மறுபடியும் வண்டியை நகர்த்தினார். கொஞ்சதூரம் போனதும் ஒரு வளைவு. மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் சேகோ ஆலையிலிருந்து திப்பி ஏற்றிப்போன டிராக்டர், அந்தச் சக்கையை வழியெல்லாம் சிந்திக்கொண்டே போயிருந்தது. மழையில் ஊறி அது கஞ்சியாகக் கிடந்தது. எதிரே பஸ். ராசப்பனின் வண்டி பின்பக்கம் விலகி, மூக்கு பஸ்ஸைப் பார்த்துத் திரும்பியது.

அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். அது உண்மை. ஆனால் அவர் தொடாத பிரேக், காலுக்கடியில் கடகடவென்று துடித்தது. அதுவும் உண்மை. இன்ஜின் தானாக மூச்சடங்கியது. அடம்பிடிக்கிற பிள்ளையைக் காதைப் பிடித்துத் திருப்புவது போல யாரோ வண்டியைத் திருப்பினார்கள். பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு கடந்து போயிற்று.

ஓரமாக நிறுத்தியதும் ஆராயிதான் முதலில் வாயைத் திறந்தாள். “என்ற தம்பி கை இல்லீன்னா இன்னைக்கு மூணு பொணம் உழுந்திருக்குமே சாமி!” என்று அவர் தலையைத் தடவி அழுதாள். சுகன்யா ஒன்றும் சொல்லவில்லை. பயந்திருக்கிறாள் என்று ராசப்பன் நினைத்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ரிக் ஓனர்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோவைப் போட்டார் ராசப்பன். அங்கிருந்து லாரிக்காரர்கள் குழுவுக்குப் போய், சங்ககிரி பட்டறைகள் வரைக்கும் போயிற்று. டீக்கடையில் அவரை நிறுத்திக் கேட்டார்கள். முதல்தடவை சொல்லும்போது, “அடியில ஏதோ கடகடன்னுச்சு, கெழங்கு கெடந்திருக்கும்” என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அடுத்தடுத்துச் சொன்னதில் அந்தக் கிழங்கு காணாமல் போயிற்று. கை மட்டும் மிஞ்சியது. “பொத்தான அமத்தித்தான் வச்சிருந்தனுங்க. எல்லாம் கைதான்” என்று முடிப்பார். வருடக்கணக்கில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொன்ன மனுஷனுக்குத் தன் காலடியில் துடித்தது என்னவென்று தெரியாதா? தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ள அவர் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கார்த்திகையில் ஒரு காலை நேரம் ஆராயி போனில் கதறினாள். சங்ககிரிக்குப் பக்கத்தில் சர்வீஸ் ரோட்டு வளைவில், தூறலில், மதனின் கார் சுழன்று பள்ளத்தில் உருண்டிருந்தது. தனியாகத்தான் போயிருக்கிறான். தொடை எலும்பு முறிவு, வலது கை மணிக்கட்டில் நொறுங்கல். உயிருக்கு ஒன்றுமில்லை. ஈரோட்டில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

ராசப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து வண்டியைக் கிளப்பினார். சுகன்யா ஏறி உட்கார்ந்தாள். அவர் விரல் பழக்கத்தில் நேராக அந்தப் பொத்தானுக்குப் போயிற்று. சுகன்யா அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

“வேண்டாமுங்க.”

“உடு புள்ள, நேரமாச்சு.”

“அன்னைக்கும் அது அமந்திருக்கலீங்க” என்றாள். “வையப்பமலையில நீங்க போன் பேச எறங்குனீங்கல்ல, நங்கையா பின்னால தூங்கிட்டு இருந்தாங்க. மழையப் பாத்தா எனக்குப் பயமாப் போச்சு. நாந்தானுங்க அத மறுபடி அமுக்கி உட்டேன். மஞ்ச வெளக்கு அணைஞ்சுது. நீங்க வந்து பாக்கவே இல்லை.”

எரிகிற விளக்கு கண்ணில் படும். அணைந்த விளக்கை யார் பார்க்கிறார்கள்? ராசப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டார். கேட்ட குரல் அவருக்கே கேட்கவில்லை.

“சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நங்கையா உங்க தலையத் தடவி அழுதாங்க. அப்பறம் ஊரே பேசுச்சு. உங்க மொகத்துல இருந்த சந்தோசத்தப் பாத்தா எனக்கு வாய் வரலீங்க. தப்புத்தான்.”

அவள்மேல் கோபம் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அவள் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை என்பது அவர் வலது பாதத்துக்குத் தெரியும். கடகடவென்று துடித்ததை அது மறக்கவே இல்லை. பொத்தானை அழுத்தாமல் வண்டியை எடுத்தார். ஈரோடு வரைக்கும், லாரிகள் ஹாரன் அடித்து ஒதுக்கித் தள்ள, இடப்பக்க ஓரத்திலேயே போனார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி அறையில் மதன் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தான். வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. பக்கத்தில் ஸ்டூலில் ஆராயி. தம்பியைப் பார்த்ததும் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது அவளுக்கு. திட்டு விழுந்தது மகனுக்கு.

“கேளு ராசப்பா, இவனும் அந்தப் பொத்தான அமத்திட்டுத்தான் ஓட்டுனானாமா! உன்ற மாமன் ஓட்டுனா நீயும் ஓட்டீருவியா? மாமன் கை வருமாடா உனக்கு? நான் வண்டிக்குள்ள உக்காந்து கண்ணால பாத்தவ.”

“அம்மா சொல்றது நெசந்தானுங்க மாமா” என்றான் மதன். உதடு வீங்கியிருந்ததால் வார்த்தைகள் வழுக்கின. “உங்க வீடியோவ எத்தன தடவ பாத்திருப்பேன். நீங்க திருப்புன மாதிரியேதான் திருப்புனேன். என்ற கை பத்தலீங்க. பேனா புடிக்கற கை. இனி ஸ்டியரிங்கத் தொடவே மாட்டேன்.”

ராசப்பனுக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“மதனு, அன்னைக்கு என்ற வண்டியில அது அமந்திருக்கல. வேலை செஞ்சுட்டுத்தான் இருந்துது. நான் ஒண்ணுமே செய்யல. வண்டிதான் திருப்புச்சு.”

மதன் வலியோடு சிரித்தான். “என்னைய சமாதானம் பண்றதுக்குச் சொல்றீங்க மாமா.”

ஆராயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “பாத்தியாடா, உனக்காகத் தன்ற பேரையே கொறச்சுக்கறான் உன்ற மாமன். இந்த மனசு யாருக்கு வரும்?”

அப்போது ராசப்பனுக்குள் ஒன்று நடந்தது. அதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி இறங்கியது. சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர்கள் பாடு. பேரும் போகவில்லை, உண்மையும் சொன்னதாயிற்று. இப்படியே இரண்டு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். எலும்பு நொறுங்கிக் கிடக்கிற பிள்ளையின் தலைமாட்டில் நின்றுகொண்டு, தன் பேர் தப்பித்ததற்கு நிம்மதிப்படுகிறோம் என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. முகமெல்லாம் எரிந்தது. கிளீனராக இருந்த காலத்தில் முதலாளி ஊர் நடுவில் வைத்துச் செவுளில் அறைந்தபோதுகூட இப்படிக் கூசியதில்லை.

கதவோரம் நின்றிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “நீ சொல்லு சுகன்யா.”

அவள் தயங்கினாள்.

“சொல்லு. நாஞ்சொன்னா நம்பமாட்டாங்க.”

சுகன்யா சொன்னாள். வையப்பமலை, போன், மழை, பொத்தான், அணைந்த விளக்கு. சொல்லி முடித்து, “நங்கையா, நீங்க தூங்கிட்டு இருந்தீங்க” என்றாள்.

ஆராயி தம்பியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.  அவள் மகனின் நெற்றியில் கை வைத்தாள்.

“உங்களுக்கு அப்பவே தெரியுங்களா மாமா?” என்று மதன் கேட்டான்.

இல்லை என்று சொல்ல வழி இருந்தது. சுகன்யா இன்று காலையில்தானே சொன்னாள். ராசப்பன் அந்த வழியில் போகவில்லை. “பிரேக்கு துடிச்சுது. காலுக்குத் தெரிஞ்சுது. நாந்தான் ஒத்துக்கல.”

“அப்ப என்ற கையில தப்பில்லைங்களா?”

“இல்ல சாமி. உன்ற கையில ஒரு தப்புமில்ல.”

மதன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கண்ணோரம் வழிந்தது காதுக்குள் போயிற்று. துடைக்கப் பழக்கத்தில் வலது கையைத் தூக்கியவன் வலியில் பாதியில் விட்டுவிட்டான். ராசப்பன் துடைத்துவிடக் கையை நீட்டினார். மதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“செத்த நேரம் வெளிய இருங்க மாமா” என்றான்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். போய்யா என்று சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார். இத்தனைக்குப் பிறகும் அந்தப் பிள்ளை அவருக்குக் கொடுத்த ‘ங்க’வைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆரஞ்சுப் பழப் பையை ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ராசப்பன் சத்தமில்லாமல் வெளியே போனார்.