மரகதம் பிடித்த தண்ணி

லிவர்மோர் கோயில்ல மரகதம் பேச்சு வந்தாப் போதும், யாராவது ஒருத்தர் "பாவம்"னு ஆரம்பிச்சுடுவாங்க. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். பாவமாம்ல? அவளோட ஒரே ஒரு நாள் கூட இருந்து பார்க்கட்டும், அப்புறம் யார் பாவம்னு சொல்லட்டும். நான் இருந்து பார்த்தவ. போன ஜூன் மாசம், வயோமிங்ல, ஒரு குழாயடியில.

என் பேர் ஷ்யாமளா. பொறந்து வளர்ந்தது மடிப்பாக்கம், முப்பது வருஷமா குப்பை கொட்டறது பிளசன்டன்ல. மரகதத்தை எனக்குக் கோயில் கிச்சன்ல பழக்கம். ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு புளியோதரை டப்பாவுல அடைப்போம். கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பொண்ணு. என்னைவிட ஆறு வயசு சின்னவ. லிவர்மோர்ல ஒரு டேகேர்ல பதினாறு வருஷமா குழந்தைங்களைப் பார்த்துக்கறா. புருஷன் கிட்டுசாமி சாஃப்ட்வேர் கம்பெனில டெஸ்டிங். ஒரே பையன் அகிலன், டெக்சஸ்ல இர்விங்ல வேலை.

நாற்பத்தெட்டு வயசுல அவளுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் சென்டர்ல போய் நாலு மணி நேரம் நாற்காலியில சாஞ்சு கிடக்கணும். அப்புறம் டாக்டர், வீட்டுலயே டயாலிசிஸ் பண்ணிக்கலாம், மிஷின் குடுக்கறோம், ஆனா கூட ஒருத்தர் ட்ரெயினிங் எடுக்கணும்னார். கிட்டுசாமி போனார். முதல் நாளே ரத்தத்தைப் பார்த்துட்டு நாற்காலியோட சரிஞ்சார். மனுஷன் நல்லவர், ஆனா ரத்தம் ஆகாது. சரி, நான் ட்ரெயினிங் எடுத்து ரத்தத்தைப் பார்த்துக்கறேன், தண்ணியை நீங்க பார்த்துக்கோங்கன்னு பங்கு பிரிச்சுக்கிட்டோம். இந்தப் பங்குலதான் பின்னாடி வில்லங்கம் வந்தது.

ஊசியை யார் குத்தறதுங்கறீங்க? அவளேதான். சாக்கு தைக்கற கோணி ஊசியில பாதி தடிமன் இருக்கும், ரெண்டு ஊசி. இடது கையில நரம்பைத் தடவிப் பார்த்துட்டு, பேச்சை நிறுத்தாம குத்திப்பா. முதல் தடவை பார்த்தப்போ நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் நான் பழகலை.

கிட்டுசாமி பழைய ஆர்.வி. ஒண்ணு வாங்கினார். இருபத்தாறு அடி. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. மிஷினையும் ஏத்திடலாம். மிச்ச கவலை தண்ணிதான். அவளோட ஒரு ட்ரீட்மென்டுக்கு ஐம்பது லிட்டர் மருந்துத் தண்ணி வேணும். குழாய்த் தண்ணியை ஒரு பெட்டி சுத்தம் பண்ணி, மருந்து கலந்து, ஏழு மணி நேரத்துல அதைத் தயார் பண்ணும். நீங்களும் நானும் குழாய்த் தண்ணி குடிச்சா அதுல இருக்கற குளோரின் வயித்தோட போயிடும். அவளுக்கு அப்படி இல்லை. அந்த ஐம்பது லிட்டரும் ஒரு மெல்லிசு ஜவ்வுக்கு அந்தப் பக்கம் ரத்தத்தை உரசிக்கிட்டே போகும். குளோரின் இருந்தா ரத்த அணு உடைஞ்சு போகும், உயிருக்கே ஆபத்து. அந்தப் பெட்டியால மட்டும் குளோரினைத் தடுக்க முடியாது. அதனால ராத்திரி வண்டியை நிறுத்தற கேம்ப்ல தண்ணிக் குழாயிலிருந்து வண்டிக்கு ஹோஸ் மாட்டறப்போ நடுவுல மண் வடிகட்டற ஃபில்டர் ஒண்ணு, கரி அடைச்ச சிலிண்டர் ரெண்டு. குளோரினை அந்தக் கரிதான் பிடிச்சு வைக்கும். இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரலை. நம்ம உடம்புல ரெண்டு கைப்பிடி சதை, சம்பளம் இல்லாம, சத்தம் இல்லாம இத்தனை வேலையும் பண்ணிக்கிட்டிருக்கே.

யெல்லோஸ்டோன் காட்டைப் பார்க்கப் போறோம்னதும் அகிலன் போன்லயே குதிச்சான். "ஒரு ப்ராப்ளம் வந்தாலும் நேரா ரிட்டர்ன். அப்புறம் வண்டியை வித்துடணும், ப்ராமிஸ்?" மரகதம் ப்ராமிஸ் பண்ணிட்டா. ரெடிமேடா வர்ற மருந்துத் தண்ணிப் பைகள் வழியில ரெண்டு ட்ரீட்மென்டுக்குச் சரியாப் போச்சு. மூணாவதுக்கு நாங்களே தண்ணி பிடிச்சாகணும்.

கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில கிட்டுசாமி அடுப்புக்குக் காஸ் ரொப்ப டவுனுக்குப் போனார். பக்கத்து சைட்ல வண்டி நிறுத்தியிருந்தவர் அவரைத் தன் காரிலேயே கூட்டிக்கிட்டுப் போனார். மரகதம் ஹோஸ் மாட்டி, சிலிண்டரெல்லாம் கோத்து, வண்டி டேங்க் நிறையற மாதிரி குழாயைக் கொஞ்சூண்டு திறந்து விட்டா. அன்னிக்கு ட்ரீட்மென்ட் நாள். காலு வீங்கியிருந்தது, முகமும் ஊதியிருந்தது. "அக்கா, செத்த நேரம் சாயறனுங். பாத்துக்குங்க"ன்னு உள்ளே போய்ப் படுத்துட்டா.

ஒன்பதரை மணிக்குக் கேம்ப் ஆள் ஒருத்தன் வந்தான். பத்து மணிக்குத் தண்ணி நின்னுடும், பைப் ரிப்பேர், நாளைக்குக் காலையிலதான் வரும், கிணத்துல குளோரின் கொஞ்சம் கூடப் போட்டிருக்கோம், குடிக்க ஆபத்தில்லைன்னு சொன்னான். என் காதுல தண்ணி நின்னுடும்கிறது மட்டும்தான் ஏறிச்சு.

மடிப்பாக்கத்துல வாரத்துக்கு ஒரு நாள் லாரி வரும். தெருவே குடத்தோட ஓடும். தண்ணி வர்றப்போ பிடிச்சுடணும், யோசிக்கறவ வீட்டுல அன்னிக்கு சோறு கிடையாது. அந்தப் புத்தி என்னை விட்டு எங்கே போகும்? டேங்க் மீட்டரைப் பார்த்தேன், கால்வாசிகூட இல்லை. ஐயோ, இந்தப் பொண்ணு என்ன இப்படிச் சொட்டவிட்டு வச்சிருக்கான்னு குழாயை முழுசாத் திறந்துட்டேன். அரை மணியில டேங்க் வழியற அளவுக்கு நிறைஞ்சது. சரியாப் பத்து மணிக்குக் குழாய் நின்னது. எனக்கு ஒரே பெருமை. இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னேன் பாருங்க.

மரகதம் எழுந்து வந்து ஒரு கப் தண்ணி பிடிச்சு டெஸ்ட் ஸ்ட்ரிப்பை முக்கினா. வெள்ளையா இருக்கணும். ரோஜாப் பூ கலர்ல வந்தது.

அவ குழாயைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "முச்சூடும் தெறந்தீங்ளாக்கா?" அவ்வளவுதான் கேட்டா. அப்புறம் விளக்கினா. தண்ணி கரிக்குள்ள மெதுவாப் போனாத்தான் கரி குளோரினைப் பிடிக்கும். வேகமா அடிச்சா எல்லாம் அப்படியே தாண்டி வந்துடும். "நூலாட்டம் ஓடோணுங்க்கா." நான் ரத்தப் பாடம் படிச்சவ, தண்ணிப் பாடத்துல ஆப்சென்ட். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்வாங்க, அவசரக்காரிக்கு அதுவும் கிடையாதுபோல. நூத்தம்பது லிட்டரைக் கெடுத்துட்டு, மறுதண்ணிக்கும் வழி இல்லாம ஒரு உயிரை நடுக்காட்டுல நிறுத்திட்டேன். அழுதேன், வெட்கமில்லாம சொல்றேன்.

அவ அழலை. திட்டவும் இல்லை. வண்டிப் படியில உட்கார்ந்து ரெண்டு நிமிஷம் யோசிச்சா. "பதறாத காரியம் சிதறாதுங்க"ன்னு எழுந்தா. வண்டிக்கு வெளியே காலு கழுவற குழாய் ஒண்ணு உண்டு. வண்டிக்குள்ள இருக்கற மோட்டார், டேங்க் தண்ணியை அதுக்குத் தள்ளும். அந்தக் குழாய்ல ஹோஸை மாட்டி, அதே சிலிண்டர்கள் வழியாத் திரும்ப விட்டா. இந்தத் தடவை நிஜமாவே நூல். சிலிண்டருக்குள்ள தங்கியிருந்த பழைய தண்ணி முதல்ல வந்தது. ரோஸ். அதைப் பக்கெட்டுல பிடிச்சு டாய்லெட்டுக்கு வச்சா. மறுபடி ஸ்ட்ரிப். லேசா ரோஸ். இன்னொரு பக்கெட். அப்புறம் பார்த்தா, வெள்ளை. உடனே அந்த நூல் தண்ணியை, சுத்தம் பண்ற பெட்டிக்குத் திருப்பிவிட்டா. பெட்டிக்கும் அவசரம் இல்லை, ஏழு மணி நேரம் உறிஞ்சும். மணி அப்போ பதினொண்ணு.

கிட்டுசாமி வந்து விஷயம் கேட்டு வெளிறிப்போயிட்டார். மறைக்கத் தெரியாத மனுஷன், நேரா பையனுக்குப் போன் போட்டுட்டார். ஸ்பீக்கர்ல அகிலன் கத்தினான். "அம்மா, ஆம்புலன்ஸ் கூப்பிடு. ரெண்டு மணி நேரத்துல ஹாஸ்பிடல் இருக்கு, ஐ ஜஸ்ட் செக்டு. தட்ஸ் இட், ட்ரிப் ஓவர்."

"அகிலா, கேளு," என்றாள் மரகதம். "ஆறு மணிக்குத் தண்ணி தயாராகும். கடசி டெஸ்ட் அப்பத்தான். துளி நெறம் வந்தாலும் நேரா ஆஸ்பத்திரி. அப்பறம் ஊடு. வண்டிய நானே வித்துப் போடறேன். நெறம் வல்லீன்னா, இனி நான் எங்க போனாலும் நீ பேசப்படாது."

"ஓகே. பட் நோ சீட்டிங், அம்மா," என்றான்.

ஏழு மணி நேரமும் அவ அந்தக் குழாயை விட்டு நகரலை. மடக்கு நாற்காலி போட்டு, வீங்கின காலைக் கவுத்த பக்கெட் மேல வச்சுக்கிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை ஸ்ட்ரிப் முக்கினா. நாக்கை நனைச்சுக்க ஒரு ஐஸ் கட்டி. நாள் முழுக்க அவளுக்கு அனுமதி மூணு டம்ளர்தான். இத்தனை லிட்டர் தண்ணிக்குக் காவல் இருக்கா, தாகத்துக்குக் குடிக்க முடியாது. நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். கோயில்ல கர்ப்பகிரகத்துக்கு முன்னாடிகூட நான் அவ்வளவு அடக்கமா நின்னதில்லை.

"இதெல்லாம் எதுக்கு மரகதம், வீட்டுல நிம்மதியா இருக்கலாமே?"ன்னு கேட்டேன்.

"நாலு வருசமா நான் போன எடமெல்லாம் அன்னிக்கே திரும்பற எடமுங்க்கா," என்றாள். "நான் உசுரோட இருக்கறது போற வார எடத்துக்கா, அந்த நாற்காலிக்கான்னு எனக்குத் தெரியோணும்."

மன்னிச்சுக்கோன்னேன். அவ குழாயை ஒரு மயிரிழை மூடிக்கிட்டே சொன்னா. "நீங்க தெறந்து உட்டதும் ஒரு வகையில நல்லதுதானுங். நான் விட்ட வேகத்துக்குப் பத்து மணிக்கு டேங்க்ல கால்வாசி இருந்திருக்காது. அதைய வெச்சு என்ன பண்றது? கெட்ட தண்ணியாவது கைல இருந்துச்சு." எனக்கு ஆறுதலுக்குச் சொல்றாளான்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிஜம்தான். அந்த நிலைமையிலயும் அதை யோசிச்சு வச்சிருக்கா.

ஆறு அடிச்சு அஞ்சு நிமிஷம். பெட்டி பீப் அடிச்சது. ஐம்பது லிட்டர். இது கடைசி டெஸ்ட். எத்தனை மணி நேரம் கரி தாங்கியிருக்கும்னு யாருக்கும் தெரியாது. கப்புல கொஞ்சம் பிடிச்சு, ஸ்ட்ரிப்பை முக்கி, மரகதம் அதைப் பார்க்காமலே என் கையில குடுத்தா.

"நீங்க பாருங்கக்கா. எனக்கு ஆசை இருக்குது. ஆசை இருக்கற கண்ணு வெள்ளையாத்தான் பாக்கும்."

நான் பார்த்தேன். வெள்ளை மாதிரிதான் இருந்தது. மாதிரிதான். ஓரத்துல லேசா ஏதோ தெரியுதா, இல்லை சாயங்கால வெயிலா? அப்போதான் உறைச்சது. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? காலையிலேர்ந்து நான் செஞ்ச பாவம் கழுவிப் போகணும்னு என் கண்ணு தவிச்சுக்கிட்டிருந்தது. கிட்டுசாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணு என்னைவிட மோசம்.

ஒரு நிமிஷத்துக்கு மேல ஆனா ஸ்ட்ரிப் தானாவே நிறம் மாறும். நான் ஓடினேன். அம்பத்தெட்டு வயசு, முட்டி வலி, சல்வார் காலைத் தடுக்குது. பக்கத்து சைட்ல, காலையில கிட்டுசாமியைக் காரில ஏத்திக்கிட்டுப் போனவரோட சம்சாரம், ஒரு வெள்ளைக்கார அம்மா, உருளைக்கிழங்கு தோல் சீவிக்கிட்டிருந்தாங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா ஸ்ட்ரிப்பை நீட்டினேன். இது என்ன கலர், இது மட்டும் சொல்லுங்கன்னேன்.

அவங்க கத்தியைக் கீழே வச்சாங்க. கண்ணாடியை நெத்தியிலிருந்து இறக்கிப் பார்த்தாங்க. "ஒயிட், ஹனி. ஜஸ்ட் ஒயிட்"னாங்க. அப்புறம், "வாட் வேர் யூ ஹோப்பிங் ஃபார்?"னு கேட்டாங்க.

திரும்ப ஓடி வந்தேன். மரகதம் படுக்கையில சாஞ்சு, இடது கையைச் சுத்தமாக் கழுவித் துடைச்சு, துண்டு மேல நீட்டி வச்சிருந்தா. முடிவு தெரியறதுக்கு முன்னாடியே வச்சிருக்கா.

"வெள்ளை," என்றேன். "பக்கத்து வண்டி அம்மாகிட்டக் காட்டினேன்."

"அவியளுக்கு இது எதுக்குன்னு தெரியுங்ளா?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்பச் சரிங்க்கா," என்று சொல்லிவிட்டு, மரகதம் முதல் ஊசியைக் கையில் எடுத்தாள்.