ஓட்டுக்காக எழுதிய விளை

கருங்கல் ஊருக்குத் தெற்கே மரச்சீனிக் கிழங்கு பயிரிட்டுப் பிழைத்த தங்கபாய்க்கு நாற்பது வயதுவரை சொந்தப் பேரில் ஒரு பிடி மண் கிடையாது. அந்த நாளில் திருவிதாங்கூர் சட்டசபைத் தேர்தலில் நிலத்துக்குக் கரம், அதாவது வரி, கட்டுகிறவர்களுக்கு ஓட்டு உண்டு. பெண் பேரில் நிலமிருந்தால் பெண்ணுக்கும் உண்டு. கணவர் ஆபேல் தீவிரக் கட்சிக்காரர். 1937 தேர்தலுக்கு முன்பே, வீட்டில் இன்னொரு ஓட்டு இருக்கட்டும் என்று கீழவிளை என்ற தோட்டத்தை மனைவி பேருக்கு எழுதி வைத்தார்.

தேர்தல் கூட்டத்தில் அவர்கள் கட்சி வேட்பாளர், "ஆணும் பெண்ணும் சமம். மகளுக்கும் சொத்தில் சரிபங்கு கேட்டு வாதாடுவேன்" என்று முழங்கினார். தங்கபாய்க்கு ஒரு மகன், இரண்டு பெண்மக்கள். கீழவிளை பெண்மக்களுக்கு என்று அன்றே மனதில் முடிவு செய்து, அவருக்கே ஓட்டுப் போட்டார்.

அவர் ஜெயித்தார். அடுத்த வருஷம் மகள் பங்கு மசோதா சபைக்கு வந்தபோது எதிர்த்துக் கை தூக்கினார். ஆபேல் பத்திரிகையை வாசித்துச் சொன்னதும் தங்கபாய் முறத்தைக் கீழே வைத்தார்.

"இஞ்ச வேற மாதிரியில்லா சொன்னாவ?"

"அது கருங்கல்ல சொன்னது. அங்க கட்சி சொல்லியதத்தான் செய்யணும். மகளுக்குப் பங்குண்ணா பெரிய குடும்பக்காரனுவ கட்சிய விட்டுப் போயிருவானுவ."

"அப்ப மத்த கட்சி?"

"அவனுவ ஆதரிச்சானுவ. போன சபையில எதிர்த்தவனுவதான்."

"இப்ப நல்ல புத்தி வந்துட்டா?"

"ஏட்டி, நம்மளத் தோக்கடிக்க ஆதரிச்சானுவ. உனக்கு ஒண்ணும் வெளங்காது."

உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. சமம் என்றவர் எதிர்க்கிறார், எதிர்த்தவர் ஆதரிக்கிறார். இதற்கிடையே ஆபேல், "தேர்தல்தான் முடிஞ்சாச்சே, விளையத் திருப்பி எழுதித் தா. பையனுக்கு உள்ளது" என்றார்.

"எனக்க பேருல எழுதினது எனக்கில்லியா?"

"ஓட்டுக்குல்லா எழுதினேன்!"

ஆபேல் பத்திரம் எழுதி வாங்கி, அவரை இரணியல் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போனார். பதிவு அதிகாரி வழக்கம்போலக் கேட்டார்: "மனசறிஞ்சு எழுதிக் குடுக்கியளா அம்மா?"

"இத குடுத்துட்டா எனக்கு ஓட்டு உண்டா ஐயா?"

"வேற கரம் உண்டா?"

"இல்ல."

"அப்ப ஓட்டும் இல்ல. சம்மதமா, இல்லியா? அதச் சொல்லுங்க."

தங்கபாய் கணவரைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார். "தெரியல்ல ஐயா."

"தெரியல்லண்ணா நான் எப்படிப் பதியது? சம்மதம்ணு வாய் தொறந்து சொல்லணும்."

ஆபேல் கண்ணால் அதட்டினார். தங்கபாய் மறுபடியும் அதையே சொன்னார். அதிகாரி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

"மாட்டேண்ணு சொல்லியிருந்தா சண்டையாவது போடலாம்" என்று வழியெல்லாம் புலம்பினார் ஆபேல். "தெரியல்லண்ணு சொல்லியவளிட்ட என்னத்தப் பேச?"

தங்கபாய் சாமர்த்தியமாகச் செய்தார் என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படியில்லை. பெண்மக்களுக்கு அந்த விளை வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. மகள் பங்கை எந்தக் கட்சி தரும், எந்தக் கட்சி பறிக்கும் என்பது தெரியவில்லை. பத்திரத்தில் விளை இன்றும் அவர் பேரில்தான் இருக்கிறது.