மெர்போக் அக்காவுக்காக எடுத்த இரத்தம்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் கெடாவில் ஒரு சின்ன டவுன் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தேன். காயம் கட்டுவது, ஊசி போடுவது இவற்றோடு இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தால், அந்த நோயாளியின் இரத்தத்தோடு ஒத்துப்போகும் ஆளைத் தேடிப் பிடிப்பது என் பொறுப்பு. எடுத்த இரத்தத்தில் உறையாமலிருக்க மருந்து கலந்து ஐஸ் பெட்டியில் வைத்தால் இரண்டொரு நாள் தாங்கும். அதற்குமேல் வைத்திருக்க எங்களிடம் வசதி கிடையாது.

மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஓர் அக்கா வந்து சேர்ந்தார். கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்கில் இரத்தம் போய் உதடெல்லாம் வெளுத்திருந்தது. கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்; தங்கைதான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். கட்டியை எடுத்தால் பிழைப்பார், ஆனால் இரண்டு பாட்டில் இரத்தம் கையில் இல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். புதன்கிழமைக்கு நாள் குறித்தார்.

அக்காவுக்கு பி குரூப். தங்கையுடையது சேரவில்லை, என்னுடையதும் சேரவில்லை. தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், எல்லோரும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று மலேரியாவில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் எடுக்க முடியாது. டவுன் மளிகைக் கடையில் வேலை செய்த ஓர் அண்ணன் ஒப்புக்கொண்டார். இரண்டாவது ஆளுக்காக, டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில் தஞ்சோங் டாவாய் வரை மிதித்தேன். அங்கே இருந்த மலாய் மீனவர் ஒருவர் முன்பு வெட்டுக் காயத்தோடு எங்களிடம் படுத்திருந்தவர். அவருடைய குரூப் எனக்குத் தெரியும்.

"அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை உண்டா?" என்று மலாயில் கேட்டார். இரண்டு என்றேன். செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்து நின்றார். இரத்தம் கொடுத்து முடித்ததும் டாக்டர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டைகளில் இரண்டை நீட்டினார். மீனவர் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை இலையில் சுற்றி வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை ஐஸ் பெட்டியைத் திறந்தேன். இரண்டு பாட்டிலும் இல்லை. பெட்டியின் இன்னொரு சாவி ஆஸ்பத்திரிக் கணக்கு வழக்கைப் பார்க்கும் பெரிய கிராணியிடம் இருந்தது. அவரிடம் ஓடினேன்.

"ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன் தம்பி. அதிகாரி ஒருத்தருக்கு இன்னிக்கி ஆபரேஷன்லா."

"அவங்க கேட்டாங்களா ஐயா?"

"கேக்கணுமா? நாமளா கொடுத்தாத்தானே நல்ல பேரு."

"அவருக்கு என்ன குரூப்?"

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?"

என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். மூலம் என்றார். மூலத்துக்கு இரண்டு பாட்டில் இரத்தம். கையை ஓங்கிவிடுவேனோ என்று பயந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

கை கழுவிவிட்டு அறையில் காத்திருந்த டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே ராணுவ ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். வாசலில் காவலுக்கு நின்றவன் அவரை உள்ளே விடவில்லை, கன்னத்தில் ஓர் அறை கொடுத்துத் திருப்பி அனுப்பினான்.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

"இன்னிக்கி இல்லக்கா."

"நான் ஏதும் தப்பு செஞ்சிட்டேனா தம்பி? ராத்திரியிலேருந்து தண்ணிகூடக் குடிக்கலியே."

ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் இரண்டு பாட்டிலும் லாரியில் திரும்பி வந்தன. திறக்கவே இல்லை. வேண்டாம் என்று சொல்லி எங்கேயோ வெயிலில் வைத்திருக்கிறார்கள், தொட்டால் சுட்டது. நான்தான் கால்வாயில் கொட்டினேன்.

இரத்தம் கொடுத்தவர்களிடம் உடனே மறுபடி எடுக்க முடியாது. ஒரு மாதம் தள்ளி நாள் குறித்தார் டாக்டர்; மீனவரிடம் காரணம் சொல்லாமல் அந்த நாளை மட்டும் சொல்லிவைத்தேன். அதுவரை கட்டில் இல்லை என்று அக்காவைத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். நான் கூலிம் வரை போய்ப் பார்த்தேன். பி குரூப்பில் தெம்பான ஆள் ஒருவரும் அகப்படவில்லை. குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு லயத்திலேயே இரத்தப்போக்கு அதிகமாகி அக்கா இறந்துபோனார்.

அந்த இரண்டு நாளுக்குள் மீனவருக்குச் சேதி சொல்லி அனுப்ப வழியில்லை. குறித்த நாளில், தம் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கிராணியின் அறை எது என்று கேட்டார். காட்டினேன். இருவரும் உள்ளே போனார்கள். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது மீனவரின் கண் கலங்கியிருந்தது. "அந்த ஆள் தலையை நிமிர்த்தவே இல்லை" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகும் கிராணி அதே நாற்காலியில்தான் இருந்தார். வேலையை விட்டவன் நான். பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் கிராணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தக் காலம் அப்படித் தம்பி, நாம என்ன செய்ய முடியும்?" என்றார்.

"ஜப்பான்காரன் கேக்கவே இல்லியே ஐயா" என்றேன்.

சாம்பார் வாளியோடு வந்தவரைப் பார்த்து, இலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். நான் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டேன்.