சண்டை மீனுக்குப் போட்ட மூடி

கொசு மருந்தின் நெடி எங்கே வந்தாலும் அந்த நீல மீன் கண்ணில் மிதக்கிறது. காய்ச்சலில் கிடந்த மகளைச் சிரிக்க வைக்கச் சிவாஜிநகரில் வாங்கிய சண்டை மீன். கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பி, விளிம்பு வரை நீர் நிரப்பியிருந்தேன்.

வீட்டுக்குள் மருந்தடிக்க ஆள் வந்தார். சோற்றுப் பானையை மூடியதைப் போலவே தொட்டியையும் பித்தளைத் தட்டால் இறுக மூடி முற்றத்தில் வைத்தேன்.

சற்று நேரத்தில் மகள் அலறினாள். "அப்பா, மீன் தட்ட முட்டுது!"

முட்டி முட்டி அது மல்லாந்தது. மருந்தடித்தவர் ஓடிவந்து தட்டைத் தூக்கி எறிந்தார். மீன் மெல்லப் புரண்டு, மேலே வந்து, ஒரு வாய் காற்றுக் குடித்தது.

இப்போதெல்லாம் நான்கு விரல் இடம் விட்டே நீர் ஊற்றுகிறேன்.

அன்று பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் சொல்லிப் போனார்: "இது மேல வந்து மூச்சு வுடுற மீனு சார். எங்க மருந்துக்குத் தப்பிச்சிது, உங்க மூடிக்குத்தான் சாவ இருந்துது."